இஸ்தோப்பில் நிற்காத கால்கள்

பசறைப் பக்கமோ ஹாலிஎலப் பக்கமோ, ஏதாவதொரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் மாலை ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள். மலையிலிருந்து இறங்கிய அம்மா கூடையை இஸ்தோப்பில் சாய்த்துவிட்டு, அட்டை கடித்த காலைக் கழுவப் பீலிக்குப் போயிருப்பாள். அவள் திரும்பி வருவதற்குள் நாலு வயசுப் பையன் படியிலிருந்து பத்துத் தடவை குதித்திருப்பான். தம்பியைத் தள்ளியிருப்பான், விறகுக் கட்டில் ஏறியிருப்பான், அரிசிச் சுளகைக் கவிழ்த்திருப்பான். பக்கத்துக் காம்பராவுக்கும் இவர்களுக்கும் நடுவே ஒரே சுவர். பழைய லயங்கள் பலவற்றில் அது கூரையைத் தொடுவதும் இல்லை. இங்கே போட்ட கூச்சல் அங்கே உலையில் விழும். சுவரில் இரண்டு தட்டு கேட்கும். அம்மாவுக்கு மானம் போகும். அந்தக் கணக்கு பையன் முதுகில் தீரும்.

"இவனை அடக்க முடியலையே" என்பதுதான் அதற்கப்புறம் வருகிற பேச்சு. அடக்குவது வேறு, அடங்குவது வேறு. அடக்குவது பெரியவர் செய்கிற வேலை. ஓர் அடி, ஒரு மிரட்டல், 'முனி வருது' என்ற ஒரு பயம் அதற்குப் போதும், பத்து நிமிஷத்துக்கு. அடங்குவது பிள்ளையின் உடம்புக்குள் நடக்கிற காரியம். காற்று அடங்குகிற மாதிரி, கொதி அடங்குகிற மாதிரி. அதற்கு நேரமும் இடமும் வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், நாள் முழுக்கக் கொழுந்து பறித்த உடம்போடு, இரண்டையும் எங்கே போய்த் தேடுவது? ஆளுக்கோர் அறை இருக்கிற வீட்டுக்காரர்கள் சொல்லும் புத்திமதி இந்த இடத்தில்தான் செல்லாக்காசாகிறது.

ஓடுவது முதலில் நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் மூன்று மணி நேரமாவது உடம்பை அசைக்க வேண்டும். அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி இருக்க வேண்டும். 10 முதல் 13 மணி நேரம் தூங்க வேண்டும். திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது அது. மலையே இருக்கிறதே, ஓடட்டுமே என்பீர்கள். மலை தோட்டத்துக்குச் சொந்தம். செடிக்குள் புகுந்தால் கங்காணி விரட்டுவார். லயத்து வாசல் நாலெட்டு, அதற்கப்பால் கான், அதற்கப்பால் சரிவு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் அதை இன்னொரு முறை பார்த்தது. மழை இருட்டினால் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்துக்கொள்ளும் தாயைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? மழைச் சத்தம் கேட்டாலே நிலைகொள்ளாமல் அலையும் பிள்ளைகளும் உண்டு. அதைச் சேட்டை என்று எழுதிவிடக் கூடாது, அது பயம்.

ஓட இடமில்லாத பிள்ளைகள் என்ற இதே சிக்கல் 1907இல் ரோமில் இருந்தது. சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பள்ளி வயதாகாத பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடிச் சுவரை நாசம் பண்ணினார்கள். கட்டடக் கம்பெனிக்கு வெள்ளையடிப்புச் செலவு கட்டுப்படியாகவில்லை. எல்லாப் பிள்ளைகளையும் ஓர் அறையில் போட்டு ஓர் ஆளைப் பார்த்துக்கொள்ள வைத்தால் சுவர் தப்பும் என்று கணக்குப் போட்டார்கள். பொறுப்பை ஏற்றவர் மரியா மொண்டிசோரி என்ற மருத்துவர். ஜனவரி 6ஆம் திகதி திறந்த அந்த அறையில் ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்.

நம்முடைய பிள்ளைக் காம்பராவும் இப்படித்தான் பிறந்தது. அங்கே சுவரைக் காப்பாற்ற, இங்கே கொழுந்தைக் காப்பாற்ற. தாய் மலைக்குப் போனால்தான் அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழும், பிள்ளை இடுப்பில் இருந்தால் கை ஓடாது. ஆகவே ஒரு காம்பரா, வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், வேலைக்கு ஏலாத ஒரு கிழவி. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகள் கைக்குப் போன காலத்தில் தொடங்கி, இப்போது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என்ற பேரில் இயங்கும் அமைப்பு வந்த பிறகு காம்பராக்கள் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' ஆயின. பயிற்சி பெற்ற உத்தியோகத்தர்கள் வந்தார்கள். லயத்துச் சனம் இன்னும் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்கிறது. எனக்கும் அந்தப் பேர்தான் பிடிக்கிறது.

ரோமில் மொண்டிசோரி கண்டது என்ன என்பது முக்கியம். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, அளவு அளவாய் வெட்டிய மர உருளைகளை அவற்றுக்குரிய துளைகளில் போட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். சுற்றி மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார்கள், அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார்கள். உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு போய் அங்கேயும் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டுத் தானாக நிறுத்தினாள், தூங்கி எழுந்த முகத்தோடு. பிள்ளைக்குக் கவனம் இல்லை என்பதல்ல, கவனம் பிடித்து நிற்க ஒரு கைவேலை இல்லை என்பதே அந்த அம்மா எடுத்த முடிவு. இதே மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி, 1944இல் இலங்கையிலும் ஆசிரியப் பயிற்சி நடத்தினார். அவர் பேர் இன்று எங்கள் நாட்டில் பாலர் பாடசாலைக்கே பேராகிவிட்டது. பெயர்ப்பலகையில் 'மொண்டிசூரி' என்று எழுதிவிட்டு, மூன்று வயதுப் பிள்ளைகளை வாங்கில் கைகட்டி உட்கார வைக்கும் இடங்களையும் பார்த்தாகிவிட்டது.

மர உருளைக்கு எங்கே போவது என்று கேட்க வேண்டாம். காம்பராவில் பயறும் பருப்பும் உண்டு. இரண்டையும் ஒரு பிடி கலந்து கொடுத்து, பிரித்துப் போடச் சொல்லலாம். வெங்காயத் தோல் உரிக்கலாம், கீரை ஆயலாம், ரொட்டி மாவில் ஓர் உருண்டை பிசையலாம். வேலை நிஜமாக இருக்க வேண்டும், முடிகிற அளவு சின்னதாக இருக்க வேண்டும். நாலு வயசுக்குப் பத்து நிமிஷம் தாக்குப்பிடித்தால் அது பெரிய சங்கதி.

ஆனால் ஓடிக் களைக்காத பிள்ளையிடம் பயற்றங்கிண்ணத்தை நீட்டினால் கிண்ணம் பறக்கும். எல்ல ஸ்டேஷனிலிருந்து வருகிற ரயிலை நினைத்துப் பாருங்கள். தெமோதரையில் அதற்கு நேராக இறங்க வழியில்லை, சரிவு தாங்காது. ஸ்டேஷனைத் தாண்டி, குன்றைச் சுற்றி, தான் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் சுரங்கத்துக்குள் புகுந்துதான் பதுளைப் பக்கம் போகிறது. ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டியதைப் பார்த்து இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதை உண்டு. கதை நிஜமோ என்னவோ, 1924இல் பதுளையை எட்டிய அந்தப் பாதை இன்றும் நிற்கிறது. துள்ளுகிற பிள்ளையை ஒரே அதட்டலில் உட்கார வைப்பது சரிவில் நேராக இறங்குவது. ஒரு சுற்று வேண்டும்.

அந்தச் சுற்று, பாரமான வேலை. பீலியிலிருந்து சின்னக் கேனில் தண்ணீர் சுமந்து வரட்டும், விறகு இரண்டு கட்டை தூக்கட்டும், ஈரத்துணி பிழியட்டும், தம்பியைச் சாக்கில் வைத்து இழுக்கட்டும். தள்ளுவது, இழுப்பது, சுமப்பதுபோல் தசைக்கு எதிர்ப்புத் தரும் வேலைகளைத் தொழில்வழிச் சிகிச்சையாளர்களும் துறுதுறு பிள்ளைகளுக்குச் சொல்வதுண்டு. கால் மணி நேரம் இது, பிறகு பீலியில் குளிப்பு, பிறகு கைவேலை, பிறகு சோறு. ஒவ்வொரு நாளும் இதே வரிசையில் வந்தால் அடுத்தது என்ன என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் முரண்டு குறையும். விளையாட்டிலும் நிறுத்தப் பழக்கலாம். கல்லா மண்ணா ஆடும் பிள்ளை எப்போது தாவ வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு கணமும் தன்னையே பிடித்து நிறுத்துகிறது. தப்படித்தால் ஆடு, தப்பு நின்றால் சிலையாக நில் என்று பிள்ளைக் காம்பராவில் ஆயாம்மா ஒரு தகரத்தைத் தட்டியே நடத்தலாம்.

சொல்கிற விதமும் இருக்கிறது. அடுப்படியிலிருந்து "டேய், சட்டையை மாத்து, தட்டை எடு, தம்பியை விடு" என்று மூன்றை ஒரே மூச்சில் எறிந்தால் ஒன்றும் போய்ச் சேராது. பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, ஒன்றைச் சொல்லி, அது முடிந்த பிறகு அடுத்தது. செய்தால் "தண்ணியைச் சிந்தாமக் கொண்டாந்தியே" என்று செய்ததைச் சொல்லியே பாராட்ட வேண்டும். 'நல்ல பிள்ளை' என்ற பொதுப் பட்டம் எதற்கென்று பிள்ளைக்குப் புரியாது.

இனித் தேத்தண்ணி. தேயிலையில் வாழ்கிறவர்களிடம் இதைச் சொல்ல எனக்கே கூச்சம்தான். ரொட்டியோடு சாயத் தேத்தண்ணி என்பது லயத்துக் காலை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் ஒரு கோப்பை. தேயிலையிலுள்ள டானின், சாப்பாட்டிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதை வெகுவாகக் குறைக்கும். இரும்பு குறைந்த பிள்ளை சோர்ந்து கிடக்கும் என்றுதான் நினைப்போம். சில பிள்ளைகள் நேர்மாறாக எரிச்சலும் அலைச்சலுமாகத் திரியும். இரவில் கால் குடைந்து தூக்கம் கெடும், பகலில் எதிலும் மனம் பதியாது. மாலைத் தேத்தண்ணியின் கஃபீனும் தூக்கத்தில் கை வைக்கும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பின் தேத்தண்ணியைத் தள்ளி, கீரையோடு தேசிக்காய் பிழிந்து கொடுத்தால் செலவில்லாத மருந்து. சீனி தின்றதால் ஆடுகிறான் என்பது மட்டும் பலிக்காத குற்றச்சாட்டு. 1994இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், சீனியே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளைக்குச் சீனி கொடுத்தோம் என்று சில தாய்மாரிடம் சொன்னார்கள். அவர்கள் கண்ணுக்குப் பிள்ளை அதிகம் ஆடுவதாகத் தெரிந்தது. சீனியைக் குறைக்கப் பல் ஒரு காரணம் போதும்.

போனைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. அம்மா சோறாக்கும் அரை மணிக்குக் கொடுத்தால் உலகம் அழியாது. தூங்கப் போகிற நேரத்தில் கொடுக்காவிட்டால் போதும்.

அம்மாவே இல்லாத காம்பராக்கள்தான் கனமானவை. 2013இல் வந்த விதி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள தாய் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போவதைத் தடுத்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அந்த வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. அம்மாயியிடம் வளரும் பிள்ளை வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடினால், அது சக்தி மிகுதியா, யாரையோ தேடுகிறதா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாம் வகுப்புக்கு வந்தால் இன்னொரு கணக்கு. ஜனவரி 31ஆம் திகதிக்கு ஐந்து வயது நிறைந்த பிள்ளையைச் சேர்ப்பது நம் முறை. ஆகவே ஜனவரியில் பிறந்த பிள்ளையும், அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே பெப்ரவரியில் பிறந்த பிள்ளையும் ஒரே வாங்கில். ஐந்து வயதில் ஒரு வருஷம் என்பது ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளைப் பார்த்த 2012 ஆய்வு, வகுப்பில் ஆக இளைய ஆண்பிள்ளைகளுக்கு, மூத்தவர்களைவிட 30 சதவீதம் அதிகமாகக் கவனக்குறைவு நோய் என்று முத்திரை விழுந்ததைக் கண்டது. பெண்பிள்ளைகளுக்கு 70 சதவீதம். 'உங்க பிள்ளைக்கு என்னமோ பிரச்சினை' என்று பாடசாலையிலிருந்து சொல்லி அனுப்பினால் முதலில் பிறந்த திகதியைப் பாருங்கள். பிரம்பை எடுப்பவர்களுக்கு, அதைத் தடைசெய்து கல்வி அமைச்சு 2005இலேயே சுற்றறிக்கை அனுப்பியதையும் நினைவூட்டலாம்.

நிஜமாகவே பிரச்சினை உள்ள பிள்ளைகளும் உண்டு. ஏ.டி.எச்.டி. என்று டாக்டர்மார் சொல்லும் அவதானக் குறைபாடும் மிகைச் செயற்பாடும், உலகளவில் நூற்றுக்கு ஐந்து பிள்ளைகளிடம் இருப்பதாகக் கணக்கு. அடையாளங்கள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், வீடு பாடசாலை என இரண்டு இடத்திலாவது தெரிய வேண்டும், பன்னிரண்டு வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். அப்பாவிடம் மட்டும் ஆடுகிற பிள்ளைக்கு இந்த நோய் இல்லை. காது சரியாகக் கேட்காத பிள்ளையும் சொல் கேட்காத பிள்ளை என்று பேர் வாங்கும். சளி காதுக்குள் இறங்குகிற மலைக்குளிரில் இது சாதாரணம். குறட்டை விட்டுத் தூங்கும் பிள்ளைக்குத் தொண்டையைப் பார்க்க வேண்டும். மிட்வைஃப் வரும்போது சிறுவர் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்து வைத்து, எடையை மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள். அங்கிருந்து சுகாதார வைத்திய அதிகாரி, அங்கிருந்து பதுளை பெரியாஸ்பத்திரி. தாயத்துக் கட்டுவதானால் கட்டுங்கள், கிளினிக் நாளைத் தவறவிட வேண்டாம். மாத்திரை கொடுத்துவிடுவார்களோ என்று பயந்து போகாதவர்கள் இருக்கிறார்கள். ஆறு வயதுக்குக் கீழே முதல் சிகிச்சை பெற்றோருக்கான பயிற்சிதான், மருந்து அதற்குப் பிறகே என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் சொல்கிறது.

மொண்டிசோரியிடம் இன்னொன்று உண்டு, அதைக் கடைசிக்கு வைத்திருந்தேன். ஒரு நாள் அவர் முற்றத்தில் கண்ட நாலு மாதக் கைக்குழந்தையை வகுப்புக்குள் எடுத்துப் போய், 'இவளைப் போல உங்களால் சத்தமில்லாமல் இருக்க முடியுமா?' என்று பிள்ளைகளைக் கேட்டார். மூச்சுக்கூடக் கேட்காதபடி அத்தனை பேரும் அமர்ந்தார்கள். சுவரில் ஓடும் கடிகாரம் அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்தது. யாரும் அதட்டவில்லை, அது விளையாட்டு.

இதற்கு லயத்தைவிட நல்ல இடம் இல்லை. சோறு முடிந்து பாயை விரித்ததும் விளக்கை அணைத்துவிட்டு, "எத்தனை சத்தம் கேக்குதுன்னு எண்ணுவோமா?" என்று கேளுங்கள். பக்கத்துக் காம்பரா ரேடியோ. அதற்கடுத்த காம்பராத் தாத்தாவின் இருமல். பீலித் தண்ணீர். தகரத்தில் சொட்டும் பனி. தூரத்தில் ஸ்டோரில் ஓடும் மெஷின். அம்மா ஐந்தோடு நின்றுவிடுவாள். பையன் விரலை நீட்டிக்கொண்டு இன்னும் காது கொடுத்துக்கொண்டிருப்பான், ஆறாவதுக்காக.