மின்வேலியும் ஓமின் விதியும்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் புறம் எழுவான்கரை எனவும் மேற்குப் புறம் படுவான்கரை எனவும் வழங்கப்படும். படுவான்கரையின் வட்டைகளில் முன்மாரி வேளாண்மை முற்றும் காலம் யானைகள் இறங்கும் காலமுமாகும். காடுகள் குடியேற்றங்களாகவும் வயல்களாகவும் மாறியதன் விளைவை இங்கு யானையும் கமக்காரனும் ஒருங்கே அனுபவிக்கின்றனர். ஒரு போகத்தின் உழைப்பு ஓரிரவில் அழியக்கூடுமாதலால், இலங்கையின் யானைப் பிரதேசங்களிற் சிலர் வீட்டு மின்கம்பியை நேரே வேலியில் இணைத்து விடுகின்றனர். இத்தகைய சட்டவிரோத வேலிகளால் யானைகள் மட்டுமன்றி மனிதரும் மாண்டுள்ளனர்.

முறையான யானை வேலியிற் பல்லாயிரம் உவோற்று உண்டு. வீட்டு மின்னிலோ 230 உவோற்றே உண்டு. ஆதலின் பின்னதே பாதுகாப்பானது என எண்ணத் தோன்றும். இவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதை எளிய கணக்கொன்றால் அறியலாம்.

ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827இல் வெளியிட்ட விதியின்படி, அழுத்தத்தை ஓட்டத்தால் வகுக்கத் தடை பெறப்படும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். 230 உவோற்றில் 0.26 அம்பியர் ஓட்டம் பெறும் இழைக்குமிழ் ஒன்றைக் கொள்வோம். அதன் தடை ஏறத்தாழ 885 ஓம். வலு ஏறத்தாழ 60 உவாற்று.

இனி, சேற்று வயலில் வெறுங்காலுடன் நிற்கும் ஒருவர் அக்கம்பியைத் தீண்டுவதாகக் கொள்வோம். ஈரமான உடலின் தடையை அண்ணளவாக 1000 ஓம் எனக் கொள்ளலாம். எனவே அவரூடாகப் பாயும் ஓட்டம் 0.23 அம்பியர், வலு ஏறத்தாழ 53 உவாற்று. மின்கம்பியைப் பொறுத்தவரை அம்மனிதரும் ஒரு மின்குமிழும் ஏறக்குறைய ஒன்றே. 5 அம்பியர் உருகி இதனால் உருகமாட்டாது. ஆயினும் 0.1 அம்பியர் மாற்றோட்டம் சில செக்கன்கள் உடலூடு பாய்ந்தாலே இதயத்துடிப்புக் குலைந்து உயிர் போகக்கூடும். தசைகள் இறுகுவதாற் பிடித்த கையை விடுவித்தலும் அரிது. 0.03 அம்பியர் கசிவிலேயே மின்னைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச், ஈரப்புல் தீண்டும் வேலியில் ஓயாது விழும். அதைத் தவிர்த்தே இவ்வேலிக்குக் கம்பி இழுக்கவேண்டியிருக்கும். உயிர்காக்கும் இறுதிச் சாதனமும் இவ்வாறு விலக்கப்படுகிறது.

முறையான வேலியின் இயல்பு வேறு. அதன் கருவி ஏறத்தாழச் செக்கனுக்கு ஒரு துடிப்பையே வெளியிடுகிறது. ஒவ்வொரு துடிப்பும் செக்கனின் ஆயிரத்திலொரு பங்கிலும் குறைந்த நேரமே நீடிக்கும். 500 ஓம் தடைக்கு அத்துடிப்பு வழங்கும் சத்தி 5 யூலை விஞ்சலாகாது என்பது சர்வதேச நியமம். எனவே சராசரி வலு 5 உவாற்றளவே. வலி கடுமையாயினும் இரு துடிப்புகளுக்கிடையே தசைகள் தளர்வதால் விலங்கும் மனிதரும் விலகிக்கொள்ள இயலும். நேரடி இணைப்பிலோ ஒவ்வொரு செக்கனும் 53 யூல் இடைவிடாது உடலிற் புகுகின்றது. ஆகவே ஆபத்தை நிர்ணயிப்பது உவோற்றளவு மட்டுமன்று. உடலூடு பாயும் ஓட்டமும் அது நீடிக்கும் நேரமுமாகும்.

மின்குமிழின் தடையைக் கணிக்க நம் பாடசாலைகள் கற்பிக்கின்றன. அதே சமன்பாட்டில் மனித உடலின் தடையை இட்டுக் கணிக்கவும் படுவான்கரை மாணவர்க்குக் கற்பித்தல் வேண்டும். அறிவூட்டல் மட்டும் போதாது. பயிரிழந்தவனைக் குற்றவாளியாக்குவதோடு அமையாது, தரமான வேலியை அமைத்து, புல் வெட்டிப் பராமரித்து, பயிரிழப்புக்குக் காலந்தாழ்த்தாது நட்டஈடு வழங்கும் பொறுப்பை அரசும் சமூகமும் ஏற்றல் வேண்டும். அதுவரை அக்கம்பியை நாடும் நிர்ப்பந்தம் கமக்காரனை விட்டு நீங்காது.