இஃப்தாருக்குப் பின் முதல் சிகரெட்

 

ஷஅபான் பிறந்துவிட்டது. இன்னும் சில வாரங்களில், இன்ஷா அல்லாஹ், ரமலான் நம் வீடுகளுக்கு வருகிறது. வழக்கமாக இந்த மாத இதழில் ஸகாத், ஃபித்ரா, கஞ்சி விநியோகம் பற்றி எழுதுவேன். இம்முறை இதயத்தையும் நுரையீரலையும் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு.

நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் படிக்கும் பொறுப்பு என்னுடையது. ஆஞ்சியோ, ஸ்டென்ட், பைபாஸ் என்று வரும் மனுக்களில் வயது என்ற இடத்தில் 42, 45 என்று பார்க்கும்போது மனம் கனக்கிறது. சம்பாதிக்கும் ஒருவர் படுத்தால் குடும்பமே படுத்துவிடுகிறது. சில மாதம் கழித்து, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு அதே வீட்டிலிருந்து இன்னொரு மனு வருகிறது.

நானும் புகைத்தவன்தான்

உபதேசம் செய்யும் தகுதி எனக்கு இல்லை. கல்லூரி நாளில் தொடங்கி 18 ஆண்டுகள் நானும் புகைத்தவன். அந்த 18 ரமலானிலும் அல்லாஹ்வின் கிருபையால் நோன்பு வைத்தேன். பகல் முழுவதும் சிகரெட் நினைவே இராது. ஆனால் மஃரிப் தொழுது ஸலாம் கொடுத்ததும் கால்கள் தாமாகவே பள்ளிவாசலுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய்விடும். அங்கே என்னைப் போல் பத்துப் பேர் நிற்பார்கள். எல்லோரும் நோன்பாளிகள்.

என்னை நிறுத்த வைத்தது என் மச்சானின் மரணம். அவரும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். ஒரு ரமலான் இரவு தராவீஹ் முடிந்து வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்றார். இஃப்தாரில் கறியும் சமோசாவும் சாப்பிட்டது, வாயுவாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்தோம். சோடா கொடுத்தோம், முதுகைத் தடவினோம், படுக்க வைத்தோம். ஸஹருக்கு எழுப்பப் போனபோது அவர் இல்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். வயது 44. எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம்தான். ஆனாலும் அந்த இரவில் நாங்கள் செய்யாமல் விட்டது என்ன என்பது இன்றுவரை உறுத்துகிறது.

12 மணி நேரத்தில் நடப்பது

நுரையீரல் காற்றிலிருந்து பிராணவாயுவை எடுத்து இரத்தத்தில் ஏற்றுகிறது. இதயம் அந்த இரத்தத்தை உடலெங்கும் தள்ளுகிறது. சிகரெட், பீடிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இருக்கிறது. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். அதனால் உடலுக்குப் பிராணவாயு குறைகிறது, அதை ஈடுகட்ட இதயம் கூடுதலாக உழைக்கிறது. நிகோடின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகைப்பவருக்கு நுரையீரல் கெடும்போது இதயமும் சேர்ந்து கெடுவது இதனால்தான்.

இனி நல்ல செய்தி. கடைசி சிகரெட்டை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்குகின்றன. 12 மணி நேரத்தில் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பான அளவுக்கு வந்துவிடுகிறது. 2 முதல் 12 வாரத்தில் இரத்த ஓட்டமும் நுரையீரலின் வேலையும் மேம்படுகின்றன. 1 முதல் 9 மாதத்துக்குள் இருமலும் மூச்சிரைப்பும் குறைகின்றன. ஓர் ஆண்டில், புகையைத் தொடர்பவரோடு ஒப்பிட்டால் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகிறது. இவை உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்குகள்.

அந்த 12 மணி நேரத்தைக் கவனியுங்கள். சென்னையில் நம் நோன்பு 13 மணி நேரத்துக்கு மேல். அதாவது பாங்கு சொல்லி நாம் பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும் வேளையில் நம் இரத்தம் அந்த நச்சிலிருந்து விடுபட்டு நிற்கிறது. ரப்புல் ஆலமீன் ஒவ்வொரு நாளும் நமக்குக் கழுவித் தரும் இரத்தம் அது. அரை மணி நேரத்தில் டீக்கடை வாசலில் நின்று அதை நாமே மறுபடி அழுக்காக்குகிறோம். 13 மணி நேரம் விட முடிந்தவரால் 14வது மணி நேரமும் விட முடியும். நம் ஊரில் புகையை விட நினைப்பவருக்கு ரமலானைவிட நல்ல வாய்ப்பு எதுவும் இல்லை.

விடுவது எப்படி?

ரமலான் பிறந்த பிறகு யோசிக்காமல் இப்போதே நிய்யத் வையுங்கள். இந்த ஷஅபானிலேயே எண்ணிக்கையைக் குறைத்து வாருங்கள். முதல் மூன்று நாள் கடினம். தலைவலி, எரிச்சல், தூக்கக் குறைவு வரும். பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் அந்தத் தொல்லை தணிந்துவிடும். ரமலானும் 29 அல்லது 30 நாள்தான். ஒவ்வொரு தடவை ஆசை எழும்போதும் அது சில நிமிடங்களே நிற்கும். அந்த நேரத்தைக் கடத்தத் தண்ணீர் குடியுங்கள், மிஸ்வாக் செய்யுங்கள், பிள்ளைகளோடு பேசுங்கள். மஃரிப் முடிந்ததும் டீக்கடைப் பக்கம் போகாமல் நேரே வீட்டுக்கு வாருங்கள். நான் அப்படித்தான் விட்டேன்.

தனியாக முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். 1800 11 2356 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கிடைக்கும். அந்த எண் உங்கள் சட்டைப் பையில் இருக்கும் சிகரெட் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலும் புகையிலையை விட உதவும் பிரிவு உண்டு. ஹான்ஸ், குட்கா, ஜர்தா போட்ட பீடா ஆகியவற்றுக்கும் இதே ஆலோசனை பொருந்தும். புகை இல்லை என்பதால் அவை இதயத்தை விட்டுவைப்பதில்லை.

வீட்டுக்குள் புகை

சகோதரிகளுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மீர்சாகிப்பேட்டையிலும் ராயப்பேட்டையிலும் மயிலாப்பூர்ச் சந்துகளிலும் நம் வீடுகள் சிறியவை. ஒருவர் புகைத்தால் எல்லோரும் சுவாசிக்கிறோம். சிகரெட்டே இல்லாத வீட்டிலும் புகை இருக்கிறது. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுவதும் எரியும்போது வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டுப் பிள்ளைகள் தூங்கும் அறையில் சுருளை ஏற்றாதீர்கள். கொசுவலை கட்டுங்கள். சாம்பிராணி, ஊதுபத்தி போடும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

நம் பிரியாணி மாஸ்டர்களையும் மறக்கக் கூடாது. விறகடுப்பில் தம் போட்டால்தான் ருசி என்கிறோம். அந்தப் புகையை வருடக்கணக்கில் சுவாசிப்பவர் அவர். விறகுப் புகை நுரையீரலைக் கெடுப்பதைக் காட்டிய முக்கியமான ஆய்வுகள் சில நம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்திலிருந்தே வந்துள்ளன. நிக்காஹ் வீட்டாரும் பள்ளிவாசல் நிர்வாகிகளும் கஞ்சிக்கும் சோற்றுக்கும் கேஸ் அடுப்பு வைத்தால் சமையல்காரரின் மூச்சுக்குச் செய்யும் உதவி அது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

இஃப்தார் சுப்ரா

நம் நோன்புக் கஞ்சி அருமையான உணவு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, இஞ்சி என்று வெறும் வயிற்றுக்கு இதமானவை அதில் இருக்கின்றன. உப்பையும் தேங்காய்ப் பாலையும் அளவோடு சேர்த்தால் போதும். அதற்குப் பக்கத்தில் நாம் வைப்பவைதான் பிரச்சினை. வடை, பஜ்ஜி, கீமா சமோசா, ரோஸ்மில்க் எல்லாமே தினமும் சுப்ராவுக்கு வருகின்றன.

மாற்ற வேண்டியவை இவைதான்:

பொரித்ததைத் தினமும் வைக்காமல் வாரம் ஒரு நாள் வையுங்கள். மற்ற நாட்களில் சுண்டல், தர்பூசணி, வெள்ளரி, கொய்யா போதும். காய்ந்த எண்ணெயை மறுநாள் மீண்டும் காய்ச்ச வேண்டாம். கடைகள் திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெய்க்கு 2018 முதல் அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டில் அந்த வரம்பை நாம்தான் வைக்க வேண்டும்.

ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அது ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ் எல்லாம் அந்த டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். பிரியாணிக்கு டால்டா வேண்டாம். தால்சாவில் கொழுப்புக் கறியைக் குறைத்துக் காயைக் கூட்டுங்கள்.

வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழிமுறை. மூக்கு முட்டச் சாப்பிட்டு தராவீஹில் மூச்சு வாங்குபவருக்கு அதன் பொருள் நன்றாகப் புரியும்.

நடை

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை இதயத்துக்குப் போதுமானது. நாளுக்கு 30 நிமிடம், 5 நாள். பள்ளிவாசலுக்கு பைக்கில் போவதை நிறுத்தினாலே பாதி கணக்கு தீரும். ஃபஜ்ருக்குப் பின் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவிலும், தியாகராய நகர் நடேசன் பூங்காவிலும், பெசன்ட் நகர் கடற்கரையிலும் நம் பெண்கள் துணையோடு நடப்பதைப் பார்க்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. ரமலானில் இஃப்தாருக்கும் இஷாவுக்கும் இடையே மெதுவாக நடக்கலாம்.

மாத்திரையும் நெஞ்சு வலியும்

2023ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு ஒன்றை நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தியது. இந்தியாவில் பெரியவர்களில் 100க்கு 35 பேருக்கு மேல் இரத்த அழுத்தம் இருப்பது அதில் தெரிந்தது. பலருக்கு அது இருப்பதே தெரியாது. அழுத்தம், சர்க்கரை, இதய மாத்திரை சாப்பிடுபவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைப் பார்த்து வேளையை மாற்றிக்கொள்ளுங்கள். நோன்பு என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்பில் இன்ஹேலர் பற்றி ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் இமாமிடம் கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. மூச்சுத் திணறலைப் பொறுத்துக்கொண்டு உயிரைப் பணயம் வைக்க யாரும் சொல்லவில்லை.

நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சிரைப்பு இருந்தால் வாயு என்று எண்ணிச் சோடா கொடுக்க வேண்டாம். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் வலியே இல்லாமல் வெறும் களைப்பும் குமட்டலுமாகவும் வரலாம். உடனே 108ஐ அழையுங்கள். தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023ல் தொடங்கியது. அதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கான முதல் தவணை மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். வாயுவாகவே இருந்துவிட்டால் அல்ஹம்துலில்லாஹ் என்று திரும்பி வரலாம்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டையை இப்போதே எடுத்து வையுங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். நோயாளியை உள்ளே படுக்க வைத்துவிட்டு வருமானச் சான்றுக்கு அலைந்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் எழுத நம் அலுவலகத்தில் உதவுவோம்.

ரமலானுக்கு முந்தைய வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். புகையை விட நிய்யத் வைத்தவர்கள் அன்று என்னிடம் பெயர் கொடுங்கள். இஃப்தாருக்குப் பின் டீக்கடைக்குப் போகாமல் ஒன்றாக வீடு வரை நடப்போம். துணை இருந்தால் விடுவது எளிது. என் மச்சானுக்கு அப்படி ஒரு துணையாக நான் இருக்கவில்லை.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை நல்லபடியாகப் பேணும் தவ்ஃபீக்கை அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்