பூணைப் பாருங்கள்
பழைய இங்கிலாந்துச் சுங்கான்கள்
பிரையர் வேர்முண்டு, வெள்ளி, வல்கனைட்

மரத்தில் பொறித்த பெயரை மட்டும் நம்பிவிட வேண்டாம். புகையிலைக் கடைக்காரர்கள் பலர், பிறர் செய்த சுங்கான்களில் தம் கடைப் பெயரை அடித்து விற்றார்கள். கிண்ணங்களில் பல பிரான்சின் செயின்ட் கிளாட் ஊரில் கடையப்பட்டவை.

கழுத்திலுள்ள வெள்ளிப் பூண்தான் நம்பகமான சாட்சி. சற்றுக் குனிந்து பாருங்கள். நடக்கும் சிங்கம், ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்பதற்கான முத்திரை. நங்கூரம் என்றால் பர்மிங்காம், சிறுத்தைத் தலை என்றால் லண்டன். மூன்று கதிர்க்கட்டும் வாளும் செஸ்டருக்கு உரியவை. அங்கிருந்த தரச் சோதனை நிலையம் 1962இல் மூடப்பட்டது. பக்கத்திலுள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். ஆனால் எழுத்து வரிசை ஊருக்கு ஊர் வேறு என்பதால், முதலில் ஊரைக் கண்டுபிடித்து, பிறகு எழுத்தின் வடிவத்தையும் அதைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவத்தையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இன்னொரு முத்திரையில் பெயரின் முதலெழுத்துகள் இருக்கும். அவை வெள்ளியைச் சோதனைக்குக் கொடுத்தவருடையவை. வேரைக் கடைந்த தொழிலாளியின் பெயர் பெரும்பாலும் எங்குமே இல்லை. அது பெரிய இழப்பு. பார்லிங் குடும்பத்தார் வெள்ளி வேலையிலிருந்து சுங்கான் செய்யும் தொழிலுக்கு வந்தவர்கள். 'ஈ.பி., டபிள்யூ.பி.' என்ற எழுத்துகள் அவர்களுடையவை.

பூண் இல்லாதவற்றை அடையாளம் காண்பது கடினம். அவற்றில் நாடு, ஊர்ப் பெயர்களைப் பொறித்த விதமே துப்பு. வட்டமாகப் பொறித்திருந்தால் கோமாய் தொழிற்சாலையை முதலில் நினைக்கலாம். அதை லண்டனில் தொடங்கிய ஆன்ரி கோமாய், 1879இல் செயின்ட் கிளாடிலிருந்து வந்தவர்.