கொழுப்புத் திசுவில் ஒரு வீண் போர்

நோய்க் கிருமிகளை எதிர்ப்பதற்கென உடலில் அமைந்துள்ள காவல் ஏற்பாடு, கிருமி எதுவும் இல்லாத இடத்தில் ஏன் விழித்தெழுகிறது? பருத்த உடலில் இன்சுலின் தன் வலிமையை இழப்பதற்கும் இவ்விழிப்புக்கும் தொடர்பு யாது? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே ஆராய்ந்தவர், கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பகுதியிலுள்ள இந்திய வேதி உயிரியல் நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் தீப்யமான் கங்குலி ஆவார். அவரும் அவருடைய குழுவினரும் கண்ட முடிவுகள் 2016ஆம் ஆண்டில் 'டயாபிடீஸ்' என்னும் அமெரிக்க இதழில் வெளியாயின.

நம் நாட்டில் நீரிழிவுடையோர் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடைபெற்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டுள்ளது. இவர்களுள் மிகப் பெரும்பாலோரிடத்துக் காணப்படுவது இரண்டாம் வகை நீரிழிவு. அதன் தொடக்கத்தில் கணையம் இன்சுலினைச் சுரக்காமல் இல்லை. திசுக்களே அதன் கட்டளைக்குச் செவிசாய்ப்பதில்லை.

கொழுப்புத் திசுவை ஒரு சேமிப்புக் கிடங்கென்றே உடலியலார் நெடுங்காலம் கருதி வந்தனர். 1994இல் லெப்டின் என்னும் ஹார்மோன் அத்திசுவிலிருந்து கண்டறியப்பட்டபின் அக்கருத்து மாறிற்று. கொழுப்பும் ஒரு சுரப்பியே. அது சுரக்கும் பொருள்களுள் ஒன்றான கெமெரினே கொல்கத்தா ஆராய்ச்சியின் தொடக்கமாக அமைந்தது.

உடற்பருமனைக் குறைக்கும் அறுவை சிகிச்சையின்போது எடுக்கப்பட்ட வயிற்றுக் கொழுப்பை அக்குழுவினர் பரிசோதித்தனர். பருமனுற்றோரிடத்துக் கெமெரினின் ஒழுங்கு குலைந்து, அது இரத்தத்தில் உலவும் ஒருவகைக் காவல் உயிரணுக்களைக் கொழுப்புக்குள் ஈர்த்துக்கொள்கிறது. பிளாஸ்மசைட்டாய்டு டென்ட்ரிட்டிக் உயிரணுக்கள் என்பது அவற்றின் நீண்ட பெயர். வெள்ளணுக்களில் அவை நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே; எனினும் வைரஸைக் கண்டவுடன் இன்டர்பெரானை மற்ற உயிரணுக்களினும் பன்மடங்கு மிகுதியாகச் சுரக்க வல்லவை.

வைரஸ் இல்லாத கொழுப்பில் அவற்றை ஏவிவிடுவது எது? உயிரணு நெருக்கடிக்குள்ளாகும்போதோ மடியும்போதோ அதன் உட்கருவிலுள்ள எச்.எம்.ஜி.பி.1 என்னும் புரதம் வெளியே கசிவதுண்டு. உயிரணுக்களுக்கு வெளியே சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ.வை இப்புரதம் சுமந்து சென்று, ரேஜ் எனப்படும் ஏற்பியின் வழியாகக் காவல் உயிரணுவினுள் சேர்ப்பிக்கிறது. அங்கே டி.எல்.ஆர். 9 என்னும் மற்றோர் ஏற்பி, கிருமிகளின் டி.என்.ஏ.வை அறிவதற்கென்றே அமைந்தது. உடலுக்குச் சொந்தமான டி.என்.ஏ.வை அது பகைவனுடையதென மயங்குகிறது. இன்டர்பெரான் சுரக்கிறது, அதனால் தூண்டப்பட்டு, கொழுப்பில் உறையும் பெருவிழுங்கணுக்கள் அழற்சியை வளர்க்கும் இயல்பைப் பெறுகின்றன. கொழுப்புத் திசுவில் இன்டர்பெரானின் சுவடுகள் மிகுந்திருந்தவர்களிடம் இன்சுலினுக்குத் திசுக்கள் காட்டும் எதிர்ப்பும் மிகுந்திருந்தது.

இச்சுவடுகளைக் கொண்டு பார்க்கையில், பருமனுற்றோர் இரு பிரிவினராகப் பிரிந்தனர். இன்சுலின் எதிர்ப்புக்கு ஆளாகும் இயல்பு இரு பிரிவினருக்கும் ஒன்றாக இல்லை. எடையை மட்டும் கண்டு நோயாளியின் எதிர்காலத்தைக் கணித்துவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கத்துக்கு இம்முடிவு இடந்தரவில்லை.

வங்காளத்தில் இத்தகைய ஆராய்ச்சி புதிதன்று. டாக்டர் சமீர் பட்டாச்சார்யாவின் குழுவினர், கல்லீரல் சுரக்கும் பெட்டுவின்-ஏ என்னும் புரதமே கொழுப்பு அமிலங்களுக்கும் டி.எல்.ஆர். 4 என்னும் ஏற்பிக்கும் இடையே தரகனாக நிற்கிறது என்பதை 2012இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் எடுத்துரைத்தனர். எலிகளில் அப்புரதத்தைக் குறைத்தபோது இன்சுலினுக்குத் திசுக்கள் மீண்டும் இணங்கின. ஆயினும் இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியாமல் காப்பதும் அதே புரதம் ஆதலின், அதை அடியோடு நீக்குவது தகாது. இன்டர்பெரான் விஷயத்திலும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். அதனை முற்றும் அடக்கினால் மெய்யான வைரஸ் வரும்போது உடல் காவலின்றி நிற்கும்.

மலேரியாவுக்கென வழங்கி வந்த ஹைட்ராக்சி குளோரோகுயின், டி.எல்.ஆர். 9 செயற்படுவதைத் தடுக்க வல்லது. நீரிழிவில் ஏனைய மருந்துகளோடு சேர்த்து வழங்க அதற்கு இந்தியாவில் 2014இல் அனுமதி அளிக்கப்பட்டது. நெடுங்காலம் உட்கொண்டால் விழித்திரை பழுதுறக் கூடுமாகையால், அதனை மருத்துவர் மேற்பார்வையில், காலந்தோறும் கண்களைச் சோதித்துக்கொண்டே உட்கொள்ள வேண்டும்.