மேக், லினக்ஸில் ‘கிரிக்கெட் 07’ ஓடுமா?

இஏ ஸ்போர்ட்ஸின் ‘கிரிக்கெட் 07’ வந்தது 2006 நவம்பரில். ரிச்சி பெனோ, மார்க் நிக்கோலஸ் வர்ணனையை இன்றும் மறக்காதவர்கள் நிறைய பேர். இந்திய வீரர்களின் உண்மையான பெயர்கள் அதில் இல்லை. ரசிகர்களே பெயர், ஜெர்சி, மைதானம் எல்லாவற்றையும் மாற்றி கேமை உயிரோடு வைத்திருக்கிறார்கள். ஆனால் அது விண்டோஸுக்கும் பிளேஸ்டேஷன் 2-க்கும் மட்டுமே வந்தது. இப்போது கையில் இருப்பது மேக்புக். இல்லையென்றால், 2025 அக்டோபரில் விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் லினக்ஸுக்கு மாறிய பழைய லேப்டாப். அதில் இந்த கேமை ஆட முடியுமா?

முடியும். அதற்கு உதவுவது ‘வைன்’ என்ற இலவச மென்பொருள்.

வைன் என்ன செய்கிறது?

1993-ல் தொடங்கிய திட்டம் இது. ‘படம் வரை’, ‘ஒலி எழுப்பு’ என்று கேம் விண்டோஸிடம் கேட்பதை எல்லாம் லினக்ஸுக்கோ மேக்குக்கோ புரியும்படி மாற்றிச் சொல்லும். கூடவே இருக்கிற மொழிபெயர்ப்பாளர் மாதிரி. விண்டோஸையே இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை என்பதால் வேகமும் பெரிதாகக் குறையாது. வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட ‘புரோட்டான்’ இதை அடிப்படையாகக் கொண்டதுதான்.

லினக்ஸில் எப்படி?

‘லூட்ரிஸ்’, ‘பாட்டில்ஸ்’ இரண்டும் இலவசம். செட்டப் ஃபைலைக் காட்டினால் மீதி வேலையில் பெரும்பகுதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

மேக்கில் ஏன் சிரமம்?

2019-ல் வந்த கேட்டலினா, 32-பிட் செயலிகளைக் கைவிட்டது. அந்தக் காலத்து கேம்கள் பெரும்பாலும் 32-பிட். 2020 முதல் வந்த எம் வரிசை சிப்களோ இன்டெல் வகையே இல்லை; அவற்றில் பூட்கேம்ப் வசதியும் கிடையாது. அதனால் இங்கே இரண்டு மொழிபெயர்ப்பு நடக்கிறது. விண்டோஸ் வேலையை வைன் பார்க்கும், இன்டெல் சிப்புக்கான கட்டளைகளை ஆப்பிளின் ‘ரொசெட்டா 2’ பார்க்கும். இதை எளிதாக்குவது ‘கிராஸ்ஓவர்’. அது கட்டண மென்பொருள். முதலில் இலவசமாகச் சோதித்துப் பார்க்கலாம்.

மேக்ஓஎஸ் 27-க்குப் பிறகு ரொசெட்டாவைக் குறைத்து, பழைய கேம்களுக்கான ஒரு பகுதியை மட்டும் வைத்திருக்கப்போவதாக ஆப்பிள் சொல்லியிருக்கிறது. ஓஎஸ் அப்டேட் போடும் முன் இதை மனதில் வையுங்கள்.

எங்கே மாட்டிக்கொள்வோம்?

பல பழைய சிடிக்களில் ‘சேஃப்டிஸ்க்’ போன்ற காப்பிப் பூட்டு இருக்கும். பாதுகாப்புக் காரணத்தால் விண்டோஸ் 10-ஏ அதை ஏற்க மறுத்துவிட்டது. வைனிலும் பல கேம்கள் இதில்தான் நின்றுபோகின்றன.

‘சரி, கிராக் டவுன்லோடு பண்ணிக்கலாம்’ என்று தோன்றும். கடையில் கிடைக்காவிட்டாலும் காப்புரிமை காலாவதியாகாது. இன்னொரு ஆபத்தும் உண்டு: வழக்கமான செட்டிங்கில், வைனுக்குள் ஓடும் புரோகிராமால் உங்கள் சொந்த ஃபைல்களையும் தொட முடியும். கிராக்கோடு வரும் வைரஸுக்கும் அதே வழி திறந்திருக்கும்.

இப்போதே என்ன செய்யலாம்?

அணி, வீரர், போட்டி என்று உரிமங்களை நம்பி வாழ்பவை ஸ்போர்ட்ஸ் கேம்கள். உரிமம் முடிந்தால் விற்பனையும் முடிந்தது. 2023-ல் பெயர் மாறி ‘எஃப்சி 24’ வந்தபோது, ‘ஃபிஃபா 23’ ஆன்லைன் கடைகளிலிருந்து காணாமல் போனது. பழையதை மறுபடி வாங்க முடியும் என்ற நம்பிக்கை வேண்டாம்.

வீட்டில் ஒரிஜினல் சிடி இருந்தால், டிரைவ் உள்ள கணினி ஒன்று கிடைக்கும்போதே அது படிக்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண்ணை போட்டோ எடுத்து வையுங்கள். பழைய விண்டோஸ் கணினியை ஃபார்மேட் செய்யும் முன், சேவ் ஃபைல்களையும் மாற்றியமைத்த ரோஸ்டரையும் பென்டிரைவுக்கு மாற்றிவிடுங்கள். கணினி புதிதாகக் கிடைக்கும். அழிந்துபோன சேவ் ஃபைல் திரும்பக் கிடைக்காது.