எந்தக் கல்லூரி என்று கேட்பதற்கு முன்: தாதிமை, தத்துவம், புவி அறிவியல்

தேர்வு முடிவு வந்த வாரத்தில் பெற்றோர் நம்மிடம் கேட்கும் முதல் கேள்வி, "சார், எந்த காலேஜ் நல்ல காலேஜ்?" என்பதுதான். அதற்கு முன்பு கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: "இந்தப் படிப்பை முடித்தால் வேலை செய்ய அனுமதி தருவது யார்?" இதைக் கேட்காமல் பணம் கட்டினால், நான்கு வருடமும் குடும்பத்தின் சேமிப்பும் வீணாகலாம். நம் பெற்றோர் பலர் கேள்விப்பட்ட தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கல்லூரிகள் இரண்டையும் நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களையும் வைத்து மூன்று படிப்புகளைப் பார்ப்போம்.

1. தாதிமை

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தொடக்கம், 1900இல் டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே கட்டிலுடன் ஆரம்பித்த சிறு மருத்துவ நிலையம். 1909இல் அங்கே தாதியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் தாதிமைப் பட்டப்படிப்பு வந்தது. இந்தியாவில் பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். உடற்கூறியல், மருந்தியல், குழந்தைநலம் என்று பாடங்கள் போகும். வகுப்பறைக்கு ஈடாக வார்டிலும் நேரம் போகும். இரவுப் பணியும் உண்டு.

பட்டம் வாங்கியவுடன் இங்கே வேலைக்குச் சேர்ந்துவிட முடியாது. மலேசியாவில் 1950ஆம் ஆண்டின் தாதியர் சட்டப்படி, மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு பெற்றவர்தான் தாதியாகப் பணியாற்றலாம். இந்தியாவில் பெற்ற பதிவு இங்கே தானாகச் செல்லாது. ஆகவே வெளிநாட்டுக்குப் போக நினைப்பவர், கல்லூரியின் பெயரையும் படிப்பின் பெயரையும் குறிப்பிட்டு வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். ஏஜெண்டு சொன்னால் போதாது. பதில் எழுத்தில் கையில் இருக்கணும்.

2. தத்துவம்

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் வேர் 1837இல் தொடங்கிய ஒரு பள்ளி. 1937இல் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் மாறியது. இந்தியக் குடியரசுத் தலைவரான டாக்டர் ராதாகிருஷ்ணன் அங்கேதான் தத்துவம் படித்தார். பட்டம் முடித்த உறவினர் ஒருவர் தம் தத்துவப் புத்தகங்களைக் கொடுத்ததும், புத்தகச் செலவு மிச்சம் என்பதும் அவர் அந்தப் பாடத்தை எடுக்க ஒரு காரணம் என்பார்கள்.

இந்தப் படிப்பில் தருக்கம், அறவியல், இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம் ஆகியவை முக்கியம். ஒரு கருத்தை எடுத்து, அதற்கு எதிர்வாதம் வைத்து, இரண்டையும் எடைபோட்டு எழுதுவதுதான் பயிற்சி. எஸ்.டி.பி.எம். மாணவர்கள் பெங்காஜியான் ஆம் கட்டுரையில் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்.

இதற்கு உரிமம் தரும் வாரியம் எதுவும் இல்லை. அது ஒரு சுதந்திரம், அதுவே ஆபத்தும்கூட. ஆசிரியர் பயிற்சி, சட்டம், இதழியல், மேற்படிப்பு என்று அடுத்த படியை மாணவரே முன்னதாகத் தீர்மானிக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அதன் ஏற்புநிலையை மலேசியத் தகுதி நிர்ணய முகமையிடம் கேட்டறிவது நல்லது.

3. புவி அறிவியல்

2025 ஆகஸ்ட் 24 காலையில் சிகாமட்டில் 4.1 ரிக்டர் அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. "நம்ம ஜொகூரில் பூமி அதிருமா?" என்று மாணவர்கள் கேட்டிருப்பார்கள். அதற்குப் பதில் தேடும் படிப்பு இது. பாறை, பிளவுக்கோடு, நிலத்தடி நீர், மலைச்சரிவு எல்லாம் இதில் அடங்கும். 1993இல் ஹைலண்ட் டவர்ஸ் இடிந்து 48 பேர் இறந்ததையும், 2022இல் பத்தாங் காலி நிலச்சரிவு 31 உயிர்களைப் பறித்ததையும் நினைத்தால், இந்த அறிவின் அவசியம் புரியும்.

இதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்திலும் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் பட்டப்படிப்பு உண்டு. தொழில் செய்வோருக்காக 2008ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டம் இருக்கிறது. ஒரு குழப்பத்தை மட்டும் தவிர்க்கவும்: பள்ளியில் படிக்கும் புவியியல் வேறு, நிலவியல் வேறு. நிலவியலுக்கு இயற்பியல், வேதியியல், கணித அடிப்படை தேவை. வெளிக்களப் பயணமும் அதிகம். வெயிலில் நடக்கத் தயாராக இருக்கணும்.

ஆசிரியர்கள் கவனத்திற்கு

இந்த மூன்றில் இரண்டின் கதவு படிவம் 5இல் அல்ல, படிவம் 4இல் பாடம் தேர்ந்தெடுக்கும்போதே திறக்கிறது அல்லது மூடுகிறது. "சயின்ஸ் கஷ்டம், விட்டுடலாம் டீச்சர்" என்று சொல்லும் மாணவியிடம், விட்டால் எந்த வழிகள் அடைபடும் என்று அன்றே சொல்லிவிட வேண்டும். தேர்வு எழுதப்போகும் மாணவர்கள் மூன்று கேள்விகளை நோட்டில் எழுதி வைக்கலாம்: நுழைய என்ன பாடம் வேண்டும்? முடித்தபின் யாரிடம் பதிவு? பதிவு தேவையில்லை என்றால் அடுத்த படி என்ன? மூன்றுக்கும் பதில் எழுத முடிந்த பிறகு, "எந்த காலேஜ்?" என்று கேளுங்கள்.