'மே' படுத்திய பாடு

ஆங்கிலத்தில் 'மே' என்று ஒரு வினைச்சொல் உண்டு. கோடை மாதத்தைச் சொல்லவில்லை. தனித்து நிற்கத் தெரியாத ஒரு துணைவினை. எழுதினால் மூன்றே எழுத்து. ஆனால் தமிழ்நாட்டை இது கலக்கியதுபோல வேறெந்த ஆங்கில வினையும் கலக்கியதில்லை என்பேன்.

பள்ளிக்கூட வாசலில் நின்று 'மே ஐ கம் இன், சார்?' என்று கேட்டோமே, அது அனுமதி. 'இட் மே ரெயின்' என்றால் மழை வரலாம், வராமலும் போகலாம், அது ஐயம். 'மே யூ லிவ் லாங்' என்பது வாழ்த்து. பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ப்பொருள் 'இயலும், வல்லமை உண்டு' என்பதாம். வலிமையைக் குறிக்கும் 'மைட்' என்ற சொல்லும் இதற்கு உறவுதான். நம் தமிழில் இதற்குக் கிட்டத்தட்ட நிகரானது 'லாம்'. 'உள்ளே வரலாம்' என்றால் அனுமதி, 'மாமா நாளைக்கு வரலாம்' என்றால் சந்தேகம்.

தில்லியில் அரசாங்கக் கோப்புகளோடு காலம் தள்ளிய நம்மவர்களுக்கு அகராதியில் இல்லாத இன்னொரு பொருளும் தெரியும். கீழேயிருந்து மேலே போகும் குறிப்பில் 'மே கைண்ட்லி பி அப்ரூவ்ட்' என்றால் விண்ணப்பம். மேலேயிருந்து கீழே வரும் குறிப்பில் 'யூ மே புட் அப் த டிராஃப்ட் டுடே' என்றால் கட்டளை. இன்று மாலைக்குள் வரைவு மேஜைக்கு வந்தாக வேண்டும். நான் இரண்டு விதமாகவும் எழுதியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோது, மத்திய அரசின் அலுவல்களுக்கு ஆங்கிலம் 15 ஆண்டு தொடரும் என்று வைத்தார்கள். கெடு 1965 ஜனவரி 26. அதற்குப் பிறகு என்ன? இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று நேரு 1959-இல் மக்களவையில் உறுதி சொன்னார். அதைச் சட்டமாக்க வந்ததே 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவில், கெடு முடிந்தபின் இந்தியோடு ஆங்கிலமும் தொடர்வது பற்றிச் சொல்லும் இடத்தில் 'மே' வந்து உட்கார்ந்துகொண்டது. 'தொடரும்' என்றில்லை, 'தொடரலாம்'.

அப்போது மாநிலங்களவையில் இருந்த அறிஞர் அண்ணா இதைப் பிடித்துக்கொண்டார். 'மே' என்றால் நாளைக்கு ஒருவர் 'மே நாட்' என்றும் படிப்பாரே, 'ஷால்' என்று போடுங்கள் என்பது அவர் கட்சி. 'ஷால்' வேறு ஜாதிச் சொல். அதன் பழைய பொருளே 'கடன்பட்டிருத்தல்'. சட்டத்தில் வந்தால் செய்தே தீரவேண்டும். இங்கே இரண்டுக்கும் ஒரே பொருள்தான் என்றார் நேரு. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. 'மே'யை 'ஷால்' என்று படித்த தீர்ப்புகள் உண்டு. ஆனால் ஒரே பொருள் என்றால் கேட்ட சொல்லையே போட்டிருக்கலாமே என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. உறுதி சொன்னவர் 1964 மே 27-இல் மறைந்தார். சட்டப் புத்தகத்தில் மிஞ்சியது 'மே' மட்டும்.

1965 ஜனவரியில் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். தீக்குளிப்பு, துப்பாக்கிச் சூடு என்று பல உயிர்கள் போயின. பிப்ரவரியில் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழி நிற்கும் என்றார். ஆனாலும் சட்டம் திருந்த இந்திரா காந்தி காலம்வரை, 1967-இல் கொண்டுவந்த திருத்தம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தத் திருத்தத்தில் ஒரு வேடிக்கை. பழைய 'மே'யை எடுக்கவில்லை. 3-ஆம் பிரிவின் தொடக்கத்தில் அது இன்றும் அப்படியே இருக்கிறது. அதைச் சுற்றி 'ஷால்'களைக் காவல் வைத்தார்கள். இந்தியை ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு ஆங்கிலத்தில் எழுதியே ஆக வேண்டும். அப்படிப்பட்ட மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் ஆங்கிலம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டு, பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் போடும்வரை இந்த ஏற்பாடுகள் நீடிக்கும். ஒரு சட்டமன்றம் மறுத்தாலும் போதும், நடக்காது.

1976-இல் வந்த ஆட்சிமொழி விதிகளைக் கையில் எடுப்பவர்கள் முதல் விதியைப் பாருங்கள். இவை இந்தியா முழுமைக்கும் பொருந்தும், தமிழ்நாடு நீங்கலாக என்று இருக்கும். அந்த வாக்கியத்தின் வினைச்சொல் 'ஷால்'.